மான் கொம்பும் கிடாத் தலையும்

– இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன், விளாங்குடி



பழைய ஜமீன் வீடு, பழைய பங்களா, சில பழைய லாட்ஜுகளின் வரவேற்பறை, இங்கெல்லாம் சுவரில் மான் கொம்பு மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மண்டை ஓட்டின் நெற்றிப் பாகத்தோடு சேர்த்து ஒரு பலகையில் பதித்து, வார்னிஷ் அடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். இதை எப்படிச் செய்கிறார்கள், எலும்பு எப்படி அவ்வளவு வெள்ளையாக வருகிறது, நாமே வீட்டில் செய்யலாமா என்று நம் வகுப்பில் ஒருமுறை பேச்சு வந்தது. அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரை. செய்யலாம், ஆனால் மான் தலையில் அல்ல. ஏன் என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு எதில் செய்யலாம், எப்படிச் செய்யலாம் என்று விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் கொம்பு என்றால் என்ன என்று பார்ப்போம். தமிழில் நாம் ஆட்டுக்கும் கொம்பு என்கிறோம், மானுக்கும் கொம்பு என்கிறோம். ஆனால் இரண்டும் ஒரே பொருள் இல்லை. ஆட்டுக் கொம்பில் உள்ளே ஒரு எலும்புத் தண்டு இருக்கும். அதன் மேல் உறை போட்டது போல கெரட்டின் மூடியிருக்கும். கெரட்டின் என்பது நம் நகம் இருக்கிறதே, அதே சரக்குதான். இந்தக் கொம்பு ஆயுள் முழுக்க வளரும், விழாது. புள்ளிமான், மிளா இவற்றின் கொம்பு அப்படி இல்லை. அது முழுக்க முழுக்க எலும்பு. வளரும்போது மேலே வெல்வெட் துணி போல ரத்த ஓட்டமுள்ள தோல் இருக்கும். வளர்ந்து முடிந்ததும் அந்தத் தோல் காய்ந்து உரிந்துவிடும், பிறகு ஒரு பருவத்தில் கொம்பே விழுந்துவிடும். அடுத்து புதுக் கொம்பு முளைக்கும். நம் நாட்டு மான்களில் ஆணுக்கு மட்டும்தான் கொம்பு. வெளிமான் என்கிறோமே, முறுக்கிய கொம்புள்ளது, அது மான் என்று பேர் வைத்திருந்தாலும் ஆட்டுக் கட்சி. அதன் கொம்பு உறைக் கொம்பு, விழாது.

“விழுந்த கொம்பைத்தானே எடுக்கிறோம், மானைக் கொல்லவில்லையே” என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். காட்டில் விழுந்த கொம்பு வீணாகப் போவதில்லை. முள்ளம்பன்றியும் எலியும் அதைக் கொறித்துச் சுண்ணாம்புச் சத்து எடுத்துக்கொள்கின்றன. மானே கூடக் கடிக்கும். இன்னொன்று, விழுந்த கொம்புக்கு விலை உண்டு என்று ஆகிவிட்டால், விழாத கொம்பும் சந்தைக்கு வந்துவிடும். வாங்குகிறவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? மிளாக் கொம்பில் கத்திக்குக் கைப்பிடி போடுவதற்காக இங்கிலாந்து வரைக்கும் நம் நாட்டிலிருந்து கப்பலில் போய்க் கொண்டிருந்தது. 1990களின் இறுதியில் அந்த ஏற்றுமதியை அரசு நிறுத்தியது.

சட்டம் என்ன சொல்கிறது? 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கொம்பு, எலும்பு, பல், நகம் எல்லாமே கணக்கில் வருகிறது. செத்துக் கிடந்த காட்டு விலங்கும் அரசாங்கச் சொத்து. ரோட்டில் வண்டி மோதிச் செத்த மானாக இருந்தாலும் அதுதான் நிலை. கையில் கிடைத்தால் 48 மணி நேரத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனிலோ வனத்துறையிலோ சொல்லிவிட வேண்டும். முன்னோர் காலத்திலிருந்து வீட்டில் இருப்பதைக் கணக்குக் காட்டுவதற்கு 2003-ல் 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள். அப்போது எழுதிக் கொடுத்து உரிமைச் சான்றிதழ் வாங்கியவர்கள் வைத்துக்கொள்ளலாம், விற்கக் கூடாது. அவர் காலமானால் வாரிசு 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வேண்டாம் என்று நினைப்பவர், சான்றிதழோடு வனத்துறையிடம் ஒப்படைத்து விடவும் 2022-ஆம் வருடத் திருத்தத்தில் வழி இருக்கிறது. காசு எதுவும் கிடைக்காது. தண்டனை சாதாரணமாக மூன்று ஆண்டு வரை. வெளிமான் மாதிரி முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்றால் மூன்றிலிருந்து ஏழு ஆண்டு.

இதில் நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. பொதுவாக வழக்கில் குற்றத்தை நிரூபிப்பது அரசாங்கத்தின் வேலை. ஆனால் இந்தச் சட்டத்தில், பொருள் யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் அது முறையாக வந்தது என்று நிரூபிக்க வேண்டும். சொந்தக்காரர் யார் என்பது பிறகு. கையில் வைத்திருப்பவர் யார் என்பதுதான் முதல் கேள்வி.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் அப்பா மர வேலை செய்பவர். எங்கள் வீட்டில் படிப்பு என்று உள்ளே வந்தது என்னோடுதான். போன வருடம் ஒருவர் காரில் வந்து, ஒரு ஜோடி மான் கொம்புக்குத் தேக்குப் பலகை செய்து, கொம்பைத் துடைத்து, பாலீஷ் போட்டு மாட்டிக் கொடுக்கணும் என்று ஐந்நூறு ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தார். கொம்பு வண்டியிலேயே இருந்தது. மறுநாள் கொண்டுவருவதாகச் சொல்லிப் போனார். ராத்திரி சாப்பிடும்போது அப்பா, “ஏப்பா, இதுக்குச் சட்டம் கிட்டம் ஏதும் இருக்கா? நீ படிக்கிறவன்ல, பாத்துச் சொல்லு” என்றார். பார்த்துச் சொன்னேன். மறுநாள் அவர் வந்ததும் அப்பா, “சார், இதுக்கு பாரஸ்ட்டுல குடுத்த பேப்பர் இருக்கும்ல, அதக் கொண்டாங்க. பலகை நாளைக்கே ரெடி பண்ணிர்றேன்” என்றார். “அதெல்லாம் எதுக்குண்ணே, எங்க தாத்தா காலத்துக் கொம்பு” என்று சொல்லிப் பார்த்தார். அப்பா பேசவில்லை, அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த வாரத்துக்கு அது எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. ஆனால் கொம்பு எங்கள் கொட்டகையில் இருக்கும்போது யாராவது வந்து கேட்டால், பேப்பர் காட்ட வேண்டியது கார்க்காரர் இல்லை, அப்பாதான். வேட்டைத் தலைகளைப் பதப்படுத்துவதைத் தொழிலாகவே செய்த வான் இஞ்சன் கம்பெனி மைசூரில் பெயர் பெற்று விளங்கியது. வேட்டை நின்றபின் வேலை குறைந்து 1999-ல் அதுவும் மூடப்பட்டது. இன்றைக்கு லைசென்ஸ் இல்லாமல் அந்தத் தொழிலைச் செய்யக் கூடாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். வேலையைக் கற்றுக்கொள்ள மான் எதற்கு? பாண்டி கோயில் கிடா வெட்டு நடக்கிற ஊரில் தலைக்கா பஞ்சம்! வெள்ளாட்டுக் கிடா போதும். செம்மறிக் கிடா என்றால் கொம்பு சுருண்டு இன்னும் கம்பீரமாக இருக்கும். கடைக்காரரிடம் முன்கூட்டியே மூன்று விஷயம் சொல்லி வையுங்கள். ஒன்று, தலையை நெருப்பில் வாட்டக் கூடாது. வாட்டினால் கொம்பு கருகி எலும்பில் கறை ஏறிவிடும். இரண்டு, மூளை எடுக்க மண்டையைப் பிளக்கக் கூடாது. மூன்று, வயதான கிடாவாக இருக்க வேண்டும். குட்டியின் மண்டை எலும்புகள் தனித்தனியாகக் கழன்று வந்துவிடும். வயதானதில் மரத்தைப் பல் பல்லாக வெட்டிக் கோர்த்தது போல இறுகியிருக்கும். தானாகச் செத்த ஆட்டின் தலையை மட்டும் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். அடைப்பான் நோயில் செத்திருந்தால் அது மனிதனுக்கும் தொற்றும்.

தோலை உரித்து, கண், நாக்கு, சதை எல்லாவற்றையும் கத்தியால் முடிந்தவரை எடுத்துவிடுங்கள். கையுறை அவசியம். பிடரிப் பக்கம் உள்ள துளை வழியாக வளைத்த கம்பியை விட்டுக் கலக்கி, தண்ணீரைப் பீய்ச்சினால் மூளை வெளியே வந்துவிடும்.

இனிமேல் வேலை நம்முடையது இல்லை, பாக்டீரியாவுடையது. மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் தலை முழுகும் அளவுக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றி ஊற வைக்க வேண்டும். உப்பு, டெட்டால், பிளீச்சிங் பவுடர் எதுவும் போடக் கூடாது. போட்டால் வேலைக்காரனையே கொன்ற மாதிரி. நம் மதுரை வெயிலுக்கு இரண்டு மூன்று வாரத்தில் சதை முழுக்கக் கரைந்துவிடும். குளிர் நாட்டுக்காரர்கள் இதற்கே வாளிக்குள் ஹீட்டர் போடுகிறார்களாம்! நான்கைந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள், ஆனால் மூன்றில் ஒரு பங்கு பழைய தண்ணீரை விட்டு வையுங்கள். அதில்தான் பாக்டீரியா இருக்கிறது. கொட்டுகிற தண்ணீரைச் சல்லடையில் வடிகட்டிக் கொட்டுங்கள், பல் கழன்று அதோடு போய்விடும். (மேல் தாடையில் முன்பல் காணவில்லை என்று தேடாதீர்கள். ஆட்டுக்கு அங்கே பல்லே கிடையாது, மானுக்கும் அப்படித்தான்.) நாற்றத்தைப் பற்றி நான் பொய் சொல்ல மாட்டேன். விளாங்குடியில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும் தெருவில் இதைச் செய்தால் உங்களைத் தெருவே கூடித் திட்டும். தோட்டம், வயல் பக்கம் வைத்து, மூடி மேல் கல் ஏற்றுங்கள். நாய்க்கு மூக்கு நமக்கு மேல்.

அவசரப்படுகிறவர்கள் கொதிக்க வைக்கிறார்கள். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு உருகி எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மூக்குக்குள் இருக்கிற காகிதம் போன்ற எலும்புகள் நொறுங்கிவிடும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி மஞ்சள் மஞ்சளாக இருக்கும்.

இந்தக் கட்டத்தில் கொம்பைப் பிடித்து லேசாகத் திருகினால் உறை கழன்று கையோடு வரும், உள்ளே எலும்புத் தண்டு நிற்கும். மான் கொம்பில் இது நடக்காது, அது முழு எலும்பு என்று முன்பே சொன்னேன் அல்லவா? உறையைத் தனியாகக் கழுவி நிழலில் காய வையுங்கள்.

அடுத்து கொழுப்பு நீக்குவது. எல்லோரும் அலட்சியமாக விடுவது இதைத்தான். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்த தண்ணீரில் ஊற வைத்து, வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரைப் பிடிக்கும், மறுமுனை கொழுப்பைப் பிடிக்கும் என்று முதலாமாண்டு கெமிஸ்ட்ரியில் படித்தோமே, அதுதான் இங்கே நடக்கிறது. தண்ணீர் கலங்காமல், மேலே எண்ணெய் மிதக்காமல் இருக்கும் வரை தொடருங்கள். மூன்று வாரம் ஆகலாம், ஆறு வாரமும் ஆகலாம். வாளியை வெயிலில் வைத்தால் வேகம் கூடும்.

வெள்ளையாக்க மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது. எலும்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கால்சியம் பாஸ்பேட் வகைத் தாது, மீதி பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். நம் கான்கிரீட்டில் ஜல்லியும் கம்பியும் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். குளோரின் அந்தக் கம்பியைத் தின்றுவிடும். பார்க்க வெள்ளையாக இருக்கும், நாளாக ஆகச் சுண்ணாம்புக் கட்டி போல உதிரும். பெராக்சைடு கறையை மட்டும் எடுத்துவிட்டுத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். அதனால்தான் பாத்திரத்தை இறுக மூடக் கூடாது, ஆக்சிஜன் அழுத்தம் ஏறி வெடிக்கும். உலோகப் பாத்திரமும் ஆகாது. பிளாஸ்டிக் வாளி, நிழல், கையுறை, கண்ணாடி. கொம்பு உறையை இதில் போடாதீர்கள், நிறம் போய்விடும். இரண்டு மூன்று நாள் போதும். பிறகு கழுவி நிழலில் காய வைக்க வேண்டும். நேர் வெயிலில் வைத்தால் பல் விரிசல் விடும். கழன்ற பல்லை பெவிகால் வைத்து ஒட்டலாம். உறையைத் தண்டில் திரும்ப ஏற்றி எம்-சீல் கொண்டு இறுக்கலாம்.

பலகை வேலையில் அப்பாதான் என் ஆசிரியர். முக்கால் அங்குலத்துக்குக் குறையாத தேக்கோ, நன்றாகக் காய்ந்த வேம்போ எடுத்து இழைத்து, மண்டை ஓட்டை வைத்துக் குறித்துக்கொண்டு, பலகையின் பின்பக்கமிருந்து டிரில் போட்டுப் பித்தளை ஸ்குரூ முடுக்க வேண்டும். இரும்பு ஸ்குரூ துருப்பிடித்து எலும்பில் கறை இறக்கும். எலும்பில் ஸ்குரூவை விடச் சற்றே சின்ன பிட்டால் முதலில் துளை போட்டுக்கொள்ளுங்கள், நேரே முடுக்கினால் பிளக்கும். கடைசித் திருகைக் கையால்தான் போட வேண்டும், மெஷினால் அல்ல என்பார் அப்பா.

சுவரில் மாட்டும்போது நம் மெக்கானிக்ஸ் பாடம் உதவும். கிடாத் தலை 1 கிலோ, எடை மையம் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திருப்புத் திறன் ஏறத்தாழ 1 நியூட்டன் மீட்டர். பலகையின் அடி விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் கொக்கி இருந்தால் அதைச் சுவரிலிருந்து வெளியே இழுக்கும் விசை 3.3 நியூட்டன்தான். பழைய வீட்டு மிளாத் தலை 4 கிலோ, மையம் 20 சென்டிமீட்டர் என்றால் அதே கொக்கியில் இழுவிசை ஏறத்தாழ 27 நியூட்டன். எடை நான்கு மடங்கு, இழுவை எட்டு மடங்கு. பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது, ஆழமாகத் துளைத்து மரக்கட்டை அடித்து, அதில் ஸ்குரூ போட வேண்டும். ஒற்றை ஆணிக்குப் பதில் இரண்டு கொக்கி வைத்து ரசமட்டம் பார்த்து மாட்டினால் கதவை அடித்துச் சாத்தினாலும் பலகை சாயாது.

சான்றிதழோடு பழைய மான் கொம்பு உள்ள வீடுகளில் சுத்தம் செய்யச் சொன்னால் மென்மையான பிரஷ்ஷும் லேசாக ஈரமான துணியும் போதும். பெராக்சைடு வைத்தால் கொம்பின் பழுப்பு நிறம் போய்விடும். ஆனால் தோலோடு பாடம் செய்த முழுத் தலை என்றால் வெறும் கையால் தொட வேண்டாம். அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்சனிக் கலந்த சோப்பைத் தோலின் உள்பக்கம் பூசினார்கள். அந்த விஷம் தூசியோடு இன்னும் இருக்கலாம். இப்படிப்பட்ட வீடுகளில் ஒட்டடை அடிக்கும் வேலைக்குப் போகிற அம்மாமார்களிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, தட்டி உதறாமல், ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியைத் தூர எறிந்துவிட வேண்டும்.

எங்கள் கிடாத் தலை இப்போது அப்பாவின் கொட்டகையில் வேப்பம் பலகையில் இருக்கிறது. கொம்பு உறையைப் பூச்சி தின்னும் என்பதால் பின்னால் ஒரு பாச்சை உருண்டையைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறோம். பார்க்க வேண்டும் என்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை வரலாம்.