வேடு கட்டிய ஜாடியில் போனி எம்

மாவடு எந்த நாளும் கிடைக்காது. மாசி, பங்குனியில் சில வாரம் கூடைக்காரி கொண்டுவருவாள். விட்டால் அடுத்த வருஷம்தான். சின்ன வயதில் பிடித்த பாட்டுக்குழு இத்தனை வருஷம் கழித்தும் நம்மை உலுக்குகிறதே, அது எப்படி நடக்கிறது என்று கேட்டால், நான் இந்தப் பருவக் கணக்கிலிருந்துதான் தொடங்குவேன். மனசுக்கும் ஒரு வடுக்காலம் உண்டு. வயதானவர்களிடம் அவர்களுடைய நினைவுகளைக் கேட்டு அடுக்கிப் பார்த்தால், ஏறக்குறைய 10 வயதிலிருந்து 30 வரையிலான நாட்கள் மட்டும் மேடு கட்டி நிற்கின்றன.

எனக்குக் கிடைத்த வடு போனி எம். துபாயிலிருந்து 1979இல் லீவில் வந்த சித்தப்பா ஒரு டூ-இன்-ஒன்னும் 'நைட்ஃப்ளைட் டு வீனஸ்' கேசட்டும் கொண்டுவந்தார். எனக்குப் பதினோரு வயது. மாயவரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மேற்கு ஜெர்மனியில் ஃபிராங்க் ஃபாரியன் என்ற தயாரிப்பாளர் சேர்த்த குழு அது, மேடையில் நின்ற நால்வரும் கரீபியன் தீவுகளில் பிறந்தவர்கள் என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? 'ராஸ்புடின்' வந்தால் ஆடுவோம்.

வடுவுக்கு விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பும் மஞ்சள்தூளும் போட்டு வைத்தால், இரண்டு மூன்று நாளில் அது நீர் விட்டுச் சுருங்கும். அந்த நீரிலேயேதான் ஊறவும் செய்யும். மூளையில் உப்பின் வேலையைப் பார்ப்பது உணர்ச்சி. சந்தோஷமோ பயமோ பொங்கும்போது அமிக்டலா என்ற சிறு பகுதி விழித்துக்கொண்டு, பக்கத்திலிருக்கும் ஹிப்போகாம்பஸை அந்தப் பொழுதை அழுத்திப் பதியச் சொல்கிறது. பாட்டு மட்டும் தனியாகப் பதிவதில்லை. சித்தப்பா சட்டையின் சென்ட் வாசனை, சூடேறிய டேப்பின் மணம், சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அடுக்களையிலிருந்து வந்த அம்மாவின் குரல் எல்லாம் அதே ஜாடியில்தான்.

பிறகு தினமும் குலுக்கிவிட வேண்டும். குலுக்காத ஜாடியில் மேலே கிடக்கும் வடுவுக்கு உப்பு ஏறாது. எங்களிடம் இருந்தது ஒரே கேசட், அதனால் குலுக்கலுக்குக் குறைவே இல்லை. அதில் முதல் பாட்டின் முரசொலி நிற்காமலே 'ராஸ்புடின்' தொடங்கிவிடும். வரப்போகிறது என்று தெரிந்து காத்திருக்கும் அந்தச் சில நொடிகளில்தான் எனக்கு உடம்பு சிலிர்க்கும். மாண்ட்ரியல் ஆய்வாளர்கள் 2011இல் இதற்கு விளக்கம் தந்தார்கள்: பிடித்த இசை உச்சத்தைத் தொடும்போது மூளையில் டோபமைன் சுரக்கிறது, உச்சத்துக்குக் காத்திருக்கும்போதே மூளையின் இன்னொரு இடத்தில் அது சுரக்க ஆரம்பித்துவிடுகிறது. வேடு அவிழ்க்கும்போதே நாக்கில் நீர் ஊறுகிற மாதிரி.

நான் ஜாடியை மறுபடி திறந்தது 2010 டிசம்பர் 30 அன்று. குழுவின் ஆட்டக்காரர் பாபி ஃபேரல் அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் இறந்துபோனார். 1916இல் அந்தப் பாட்டின் நாயகன் ராஸ்புடின் கொலையுண்ட அதே ஊர், அதே தேதி. பாட்டைப் போட்டதும் கூடத்துத் தூண் முதற்கொண்டு வந்து நின்றது. நெற்றிக்குப் பின்னால் நடுவாக இருக்கும் மூளைப்பகுதியில் பழகிய இசையும் சொந்த நினைவும் சந்திக்கின்றன என்று கலிபோர்னியாவில் பீட்டர் ஜனாட்டா 2009இல் ஸ்கேன் எடுத்துக் காட்டியிருந்தார். பாபி பாடியதாக நாங்கள் நம்பிய கனத்த குரல் ஃபாரியனுடையது என்று அதற்கு முன்பே படித்திருந்தேன். ஆனாலும் ஊறுகாய் கெடவில்லை. ஜாடியில் இருந்தது எங்கள் வீட்டுக் கூடம்.

ஈரக் கரண்டி மட்டும் ஆகாது என்பாள் பாட்டி. நினைவை எடுக்கும்போது கரண்டி எப்போதும் ஈரம்தான். மீட்கிற நினைவு கொஞ்ச நேரம் இளகிப்போய், அன்றைய மனசையும் சேர்த்துக்கொண்டு மறுபடி உறைகிறது. கரீம் நாடர் 2000இல் எலிகளிடம் செய்த சோதனையிலிருந்து இது பேசப்படுகிறது.

எனக்கு அப்படி இளகியது 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்'. ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழு 1970இல் பாடியதைப் போனி எம் 1978இல் எடுத்துப் பாடியது. வேரோ பைபிளின் சங்கீதம் 137இல் இருக்கிறது: சிறைப்பட்டுப் போன யூதர்கள் பாபிலோன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஊரை நினைத்து அழுகிறார்கள். பதினோரு வயதில் அதற்கும் ஆடினேன். அரபு தேசத்தில் அறை பகிர்ந்து இருந்த சித்தப்பா அந்த ஒரு பாட்டை மட்டும் திரும்பத் திரும்ப ரீவைண்ட் செய்து போடுவார். லீவு முடிய நாலு நாள் இருந்தது. இப்போது அதைக் கேட்டால், பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருக்கும் அவர் முகம் வருகிறது. அன்று ஆடிக்கொண்டிருந்த நான் அதைப் பார்த்தேனா, பிறகு ஈரக் கரண்டியோடு உள்ளே போனதா? எப்படியானாலும், கேட்டு முடித்ததும் சித்தப்பாவுக்கு ஃபோன் செய்துவிடுகிறேன்.