தேனீப் பெட்டியில் மெழுகுப்பூச்சியா? மருந்தைத் தேடும் முன் அடிப்பலகையைப் பாருங்கள்

மா, தென்னை, புளி நிறைந்த தருமபுரி மாவட்டத்தில் தேனீ வளர்ப்பு நல்ல துணைத்தொழில். காரிமங்கலம், பாலக்கோடு பகுதி மாந்தோப்புகளில் நான்கைந்து பெட்டிகள் வைத்தால் தேனும் கிடைக்கும், தோட்டத்தில் மகரந்தச் சேர்க்கையும் நடக்கும். ஆனால் பூக்காலத்தில் நிறைந்திருந்த பெட்டியை, பூ ஓய்ந்த பிறகு ஒருநாள் திறந்தால் உள்ளே வெறும் நூலாம்படையும் புழுவுமாகக் கிடக்கும். "பூச்சி வந்து தேனீக்களை விரட்டிவிட்டது" என்று நினைப்போம். பெரும்பாலும் நடப்பது வேறு. முதலில் தேனீக் கூட்டம் பலம் குறைகிறது. அதன் பிறகே பூச்சி உள்ளே தங்குகிறது. எனவே பூச்சியைக் கொல்வதைவிடக் கூட்டத்தைப் பலமாக வைத்திருப்பதே முதல் வேலை.

மெழுகுப்பூச்சி எப்படி நுழைகிறது?

மெழுகு அந்துப்பூச்சி இரவில் பறந்து வரும். பெட்டியின் இடுக்குகளிலும் தேனீக்கள் இல்லாத அடைகளிலும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். வெயில் காலத்தில் சில நாட்களிலேயே முட்டை பொரிந்துவிடும். புழுக்கள் அடைக்குள் சுரங்கம் போலக் குடைந்து, நூல் பின்னிக்கொண்டே மெழுகையும் மகரந்தத்தையும் தின்னும். பலமுறை புழு வளர்ந்து கறுத்துப்போன பழைய அடைகளைத்தான் அதிகம் தாக்கும்.

கூட்டம் பலமாக இருந்தால் தேனீக்களே புழுவை இழுத்து வெளியே போட்டுவிடும். காவல் இல்லாத அடையில்தான் பூச்சி பெருகும். நாம் வளர்க்கும் இந்தியத் தேனீக்கள் தொல்லை அதிகமானால் பெட்டியையே விட்டு ஓடிவிடும் குணம் கொண்டவை. அதனால் தாமதம் கூடாது.

வாரம் ஒருமுறை பார்க்க வேண்டியவை

1. அடிப்பலகையில் மெழுகுத் தூளோடு கறுப்பு மணி போன்ற எச்சம் கிடக்கிறதா? இதுதான் முதல் அடையாளம்.

2. சட்டங்களுக்கு இடையிலும் மூலைகளிலும் வெள்ளை நூல் தெரிகிறதா?

3. எத்தனை அடைகளில் தேனீக்கள் நெருக்கமாக மூடியிருக்கின்றன?

4. முட்டையும் இளம்புழுவும் இருக்கின்றனவா? இல்லையென்றால் ராணித் தேனீ இல்லை, அல்லது கூட்டம் ஓடத் தயாராகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

5. மகரந்தம் சுமந்து வரும் தேனீக்கள் குறைந்துவிட்டனவா?

காலை வெயில் ஏறுவதற்கு முன் பாருங்கள். புகையை அளவாகப் போடுங்கள். வேலையை விரைவாக முடித்துப் பெட்டியை மூடிவிடுங்கள்.

தாக்குதல் தெரிந்தால் செய்ய வேண்டியவை

நியூட்டன் பெட்டியின் புழு அறையில் 7 சட்டங்கள் இருக்கும். அவற்றில் 4 அடைகளைத்தான் தேனீக்கள் மூடியிருக்கின்றன என்றால், மீதி 3 சட்டங்களையும் எடுத்துவிடுங்கள். தேனீக்கள் இருக்கும் சட்டங்களை நெருக்கி வைத்து, பக்கத்தில் தடுப்புப் பலகை செருகுங்கள். தேன் அறை காலியாக இருந்தால் அதையும் இறக்கிவிடுங்கள்.

அடிப்பலகையைத் தனியே எடுத்துச் சுரண்டி, வெயிலில் காய வைத்து மறுபடி பொருத்துங்கள். சுரண்டிய குப்பையைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொட்டாமல் எரித்துவிடுங்கள். அதில்தான் முட்டையும் புழுவும் இருக்கும். பெட்டியின் வெடிப்புகளை அடைத்து, வாசலைத் தேனீக்கள் வந்துபோகும் அளவுக்குச் சுருக்குங்கள்.

சிறிதளவே தாக்கப்பட்ட அடை என்றால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி நீக்கலாம். அதிகம் குடையப்பட்ட அடையை உருக்கி மெழுகாக எடுங்கள், அல்லது எரித்துவிடுங்கள்.

எடுத்து வைத்த அடைகள் பத்திரம்

தேன் எடுத்த பின் வீட்டு மூலையில் போட்டு வைக்கும் அடைகள்தான் ஊருக்கெல்லாம் மெழுகுப்பூச்சி வளர்த்துக் கொடுக்கின்றன. அடைகளைப் பூச்சி புகாதபடி இறுகக் கட்டி வையுங்கள். குறைந்த எண்ணிக்கை என்றால் குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் ஓரிரு நாள் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். அதிகம் இருந்தால், தேனீக்கள் இல்லாத மூடிய பெட்டியில் வைத்துக் கந்தகப் புகை போடலாம். கந்தகப் புகை முட்டையைக் கொல்லாது. எனவே இரண்டு வாரம் கழித்து மறுபடியும் போட வேண்டும். பயன்படுத்தும் முன் அடைகளை நன்றாகக் காற்றாட வையுங்கள்.

எறும்பும் குளவியும்

தாங்கியின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். கோடையில் தண்ணீர் வற்றிவிடும், தினமும் பாருங்கள். கிண்ணத்தில் தண்ணீர் இருந்தும் எறும்பு வந்தால், பெட்டியைத் தொடும் கிளையோ உயர்ந்து வளர்ந்த புல்லோ பாலமாக இருக்கிறதா என்று தேடுங்கள்.

குளவி வாசலிலேயே காத்திருந்து தேனீக்களைப் பிடிக்கும். வாசலைச் சுருக்கி, வரும் குளவிகளை மட்டையால் அடித்துக் கொல்லுங்கள். பெரிய கூட்டை நீங்களாகவே கலைக்கப் போகாதீர்கள். குளவிக் கொட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். அனுபவம் உள்ளவர்களைக் கொண்டு அகற்றுங்கள்.

உண்ணித் தொல்லை

வரோவா உண்ணி இத்தாலியத் தேனீக்களுக்குப் பெரிய எதிரி. இந்தியத் தேனீக்கள் நெடுங்காலமாக இந்த உண்ணியோடு வாழ்ந்து பழகியவை. உடலில் ஒட்டும் உண்ணியைத் தாங்களே சுத்தம் செய்துகொள்ளும். இத்தாலியத் தேனீ வளர்ப்போர், சிறகு சுருங்கிய தேனீக்கள் பெட்டி முன் ஊர்ந்தால் உடனே நிபுணர்களிடம் காட்டுங்கள். இதற்குப் பயன்படும் ஃபார்மிக் அமிலத்தைச் சொந்த அளவில் வைத்தால் தேனீக்களும் சாகும், உங்கள் கையும் வெந்துவிடும்.

புழு சாவதெல்லாம் பூச்சியால் அல்ல

அடை அறைக்குள் புழு தலையைத் தூக்கியபடி படகு போல வளைந்து செத்திருந்து, இடுக்கியால் எடுத்தால் நீர் நிறைந்த பை போல வந்தால், அது தாய் சாக் புரூட் என்னும் வைரஸ் நோய். 1991-92ல் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது இதுதான். இதற்கு மருந்து கிடையாது. நோய் கண்ட பெட்டியைத் தூரமாகப் பிரித்து வையுங்கள். அதன் சட்டங்களை மற்ற பெட்டிக்கு மாற்றாதீர்கள். நல்ல பெட்டிகளைப் பார்த்த பிறகே நோய்ப் பெட்டியைத் தொடுங்கள்.

செய்யவே கூடாதவை

பெட்டிக்குள் பூச்சிமருந்து தெளிக்காதீர்கள். அந்துருண்டை போடாதீர்கள். மெழுகு இந்த வாசனையையும் நஞ்சையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிறகு அது தேனில் இறங்கும். அந்தத் தேனை நம் வீட்டுப் பிள்ளைகளும்தான் சாப்பிடுவார்கள்.

மாம்பூவில் தத்துப்பூச்சிக்கு மருந்து தெளிப்பதும் தேனீக் கூட்டத்தைப் பலம் குறையச் செய்யும். பூத்திருக்கும்போது கட்டாயம் தெளிக்க வேண்டி வந்தால், தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு அந்தி நேரத்தில் தெளியுங்கள். பக்கத்துத் தோட்டக்காரரிடமும் பேசி வையுங்கள்.

பூ இல்லாத மாதங்களில்

தேனை முழுவதும் எடுத்துவிடாதீர்கள். புழு அறைத் தேன் தேனீக்களுக்கே. இருப்பு குறைந்தால் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கலந்து காய்ச்சி, ஆறிய பின் மாலையில் பெட்டிக்குள் வையுங்கள். சிந்தினால் எறும்பும் வரும், பக்கத்துப் பெட்டித் தேனீக்களும் கொள்ளையடிக்க வரும். பெட்டி நிழலில் இருக்கட்டும். அருகில் கூழாங்கல் போட்ட தட்டில் தண்ணீர் வையுங்கள்.

சந்தேகம் இருந்தால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் மையத்தையோ, உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தையோ அணுகுங்கள். பாதித்த அடையின் சிறு துண்டை மூடிய டப்பாவில் எடுத்துச் சென்றால், பூச்சியா நோயா என்று கண்டறிவது எளிதாகும்.