பம்பி இல்லாத எஞ்சின் கொதிப்பது ஏன்?

மாதிரி வினா: நீரினாற் குளிர்த்தப்படும் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகின்றது. காரணங்களை ஆராய்க.

இவ்வினாவைக் கொடுத்தால் அநேக மாணவர்கள் முதலில் எழுதுவது "நீர்ப் பம்பி பழுதடைந்துள்ளது" என்பதாகும். நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் வண்டிக்கு அவ்விடை பொருந்தாது. அதில் பம்பியே கிடையாது!

இங்கிலாந்தின் யோக்சயர் பகுதியைச் சேர்ந்த அல்பிரட் அங்கஸ் ஸ்கொட் (1875-1923) என்பவர் உருவாக்கிய ஈரடிப்பு எஞ்சின் வண்டியே அது. ஸ்கொட் வண்டிகள் 1912, 1913ஆம் ஆண்டுகளில் மான் தீவின் சீனியர் ரி.ரி. ஓட்டப்போட்டியில் வென்றன. 1926இல் வெளிவந்த "பிளையிங் ஸ்குயிரல்" இவற்றுட் பெயர்பெற்றது.

இதில் நீரை ஓடச் செய்வது மேற்காவுகையாகும். எஞ்சினைச் சுற்றியுள்ள நீர் சூடாகி, அடர்த்தி குறைந்து, மேற்குழாய் வழியே றேடியேற்றரின் உச்சிக்குச் செல்லும். அங்கே காற்றினாற் குளிர்ந்து கீழிறங்கி, கீழ்க்குழாய் வழியே எஞ்சினுக்குத் திரும்பும். 90 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நீரின் திணிவு ஏறத்தாழ 965 கிராம்; 60 பாகையில் 983 கிராம். இந்த 18 கிராம் வித்தியாசமே நீரை ஓட்டும் முழு விசைக்கும் காரணம். விசை இவ்வளவு சிறிதாதலால் சிறு தடையும் ஓட்டத்தைக் குலைத்துவிடும். இதை விளங்கிக்கொண்டால் விடையின் பாதி முடிந்தது.

முதலில் எப்போது கொதிக்கிறது என்று கேட்க வேண்டும். வண்டியை நிறுத்திவைத்து எஞ்சினை நெடுநேரம் ஓடவிட்டாற் கொதிப்பது பழுதன்று. விசிறி இல்லாத றேடியேற்றருக்கு எதிர்க்காற்று வேண்டும். ஓடும்போதும் கொதித்தால் நீர்மட்டத்தைப் பார்க்க. மட்டம் மேற்குழாயின் வாய்க்குக் கீழே இறங்கினால் சுற்றுப்பாதை அறுந்துவிடும். றேடியேற்றரில் நீர் இருந்தும் எஞ்சின் கொதிப்பது இதனாலேயே. பலர் தவறவிடும் புள்ளி இது.

மட்டம் சரியாயின் றேடியேற்றரின் மேற்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் வெப்பநிலையை அளக்க வேண்டும். (கையால் தொட்டுப் பார்க்கலாம் என்று எழுதாதீர்கள், தோல் வெந்துவிடும்.) மேலே மிகச் சூடாகவும் கீழே குளிராகவும் இருந்தால் நீர் மெதுவாக ஓடுகிறது. கேத்தலின் அடியிற் படிவது போன்ற கல்சியங் காபனேற்றுப் படிவு, உட்புறம் வீங்கிய இறப்பர்க் குழாய் என்பன காரணமாகலாம். இரு பகுதிகளும் ஏறக்குறைய ஒரேயளவு சூடாயின் நீர் ஓடுகிறது, ஆனால் வெப்பம் வெளியேறவில்லை. றேடியேற்றரின் காற்றிடைவெளிகளிற் சேறோ பூச்சிகளோ அடைத்திருக்கலாம்.

இவை யாவும் சரியாயிருந்தும் கொதித்தால் குற்றம் நீரில் இல்லை. எரிபொருட் கலவையிற் பெற்றோல் குறைதல், தீப்பொறி பிந்துதல், எண்ணெய் போதாமை ஆகியவற்றால் எஞ்சினே மிகையான வெப்பத்தைப் பிறப்பிக்கலாம். இதனைக் கவனியாது ஓட்டினால், அலுமினிய முசலம் வார்ப்பிரும்பு உருளையை விட ஏறத்தாழ இரு மடங்கு வீதத்தில் விரிவதால், முசலம் உருளையினுள் இறுகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் பின்சில்லு அக்கணமே பூட்டிக்கொள்ளும். ஓட்டுநரின் உயிருக்கே ஆபத்து.

கொதிக்கும் எஞ்சினில் உடனே குளிர்ந்த நீர் ஊற்றலாகாது. வார்ப்பிரும்பு சமனின்றிச் சுருங்கி வெடிக்கும். மூடியையும் ஆறிய பின்னரே திறக்க வேண்டும்.

பயிற்சி: செக்கனுக்கு 0.1 கிலோகிராம் நீர் றேடியேற்றரினூடாக ஓடி 20 பாகை செல்சியசினாற் குளிர்கிறது எனக் கொள்க. நீரின் தன்வெப்பக் கொள்ளளவு ஒரு கிலோகிராமுக்கு, ஒரு பாகைக்கு 4200 யூல் ஆயின், செக்கனுக்கு வெளியேறும் வெப்பம் யாது? (விடை: 8400 யூல்)