பிழை தேடும் கருவியைச் சீராய்தல்

மென்பொருளில் செய்யப்படும் மாற்றங்களை வரிசைப்படப் பதிந்து காக்கும் 'கிட்' என்னும் கருவியை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் உருவாக்கினார். அதில் 'பைசெக்ட்' என்றொரு கட்டளை உண்டு. முன்பு நன்கு இயங்கிய நிரல் பின்பு பழுதானால், பழுதைக் கொணர்ந்த மாற்றம் எதுவென அது வரிசையைப் பாதி பாதியாகப் பகுத்துத் தேடும். 1,024 மாற்றங்களுள் ஒன்றைக் கண்டறியப் 10 சோதனைகளே போதும்.

ஒவ்வொரு சோதனையும் தன் முடிவை எண்ணால் அறிவிக்கும். 0 எனில் நன்று. 1 எனில் பழுது. 125 எனில், இப்பதிப்பைச் சோதிக்க இயலவில்லை, விட்டுச் செல்க என்பது பொருள்.

இக்கருவியின் நிரலையே ஒருவர் திருத்தித் தந்தால், சீராய்வோராகிய நாம் எதனை நோக்க வேண்டும்? அது தடையின்றி இயங்குவது மட்டும் போதாது. 125 என்னும் விடையை அது 'பழுது' எனக் கொண்டுவிடுமா என்பதே நம் முதல் வினா. அவ்வாறு கொண்டால், உண்மையான பிழை இருக்கும் பாதி விலக்கப்படலாம். குற்றமற்ற மாற்றமொன்று குற்றமுடையதாகச் சுட்டப்படலாம். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது.

ஆகவே, மூவகை விடைகளுக்கும் தனித்தனிச் சோதனைகள் திருத்தத்துடன் இணைந்து வருதல் வேண்டும். 'அறியேன்' என்பதும் ஒரு விடையே. அதனைச் சிதையாமல் காப்பது சீராய்வோர் கடன்.