பழைய தூரப் பயண வண்டி மீன் வண்டியாகும்போது

மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளில் விடியற்காலையில் நின்று பார்த்தால் ஒரு காட்சி புரியும். வலை கரைக்கு வந்ததும் பத்துப் பதினைந்து மோட்டார் சைக்கிள்கள் பின்னால் பெட்டி கட்டியபடி காத்து நிற்கும். காரைதீவுச் சந்தியால் திரும்பி, சம்மாந்துறை தாண்டி, சுமார் 25 கிலோமீற்றர் தூரத்திலுள்ள அம்பாறைக்கும் அதற்கு அப்பாலுள்ள கிராமங்களுக்கும் மீன் போவது பெரும்பாலும் இந்த வண்டிகளில்தான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய வண்டிகளுக்கு மவுசு கூடியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தாலும், புது வண்டி என்றால் பலருக்கு லீசிங்தான் வழி. எனவே வீட்டில் சும்மா நிற்கும் 1980களின் ஹொண்டா சீ.டீ. 200 'ரோட்மாஸ்டர்' போன்ற வண்டியைத் தொழிலுக்கு இறக்கலாமா என்று சகோதரர்கள் பலர் கேட்கின்றனர். இறக்கலாம். ஆனால் சில விடயங்களை விளங்கிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, இழுவை. அந்த வண்டி இரண்டு சிலிண்டருடன் நீண்ட வீதியில் ஒரே வேகத்தில் ஓடுவதற்குச் செய்யப்பட்டது. மீன் வியாபாரியோ பத்து வீட்டுக்கு ஒரு தடவை நிறுத்தி எடுப்பவர். முன் பல்சக்கரத்தில் 16 பல் இருந்தால் 15 பல்லுள்ளதைப் போடுங்கள். இழுவை 6, 7 சதவீதம் கூடும், வேகம் ஏறத்தாழ அந்தளவு குறையும். கிளச்சும் நீண்ட நாள் உழைக்கும்.

இரண்டாவது, சுமை. பெட்டி பின்சில்லின் அச்சுக்குப் பின்னால் தள்ளி நின்றால் முன்சில் இலேசாகி ஹேண்டில் ஆடும். பெட்டியை முன்னுக்கும் தாழ்வாகவும் பொருத்துங்கள். பின் சொக் அப்சோபரையும் டயரையும் சுமைக்கேற்ப மாற்றுங்கள். பிறேக் 'சூ'வைப் புதிதாகப் போடாமல் சுமை ஏற்றவே கூடாது. பெட்டிக்குச் செலவழித்து பிறேக்கில் மிச்சம் பிடிப்பவர் தன் பிள்ளைகளின் சோற்றைப் பந்தயம் வைக்கிறார்.

மூன்றாவது, உப்பு. ஐஸ் உருகி வடியும் தண்ணீர் ரிம், கம்பி, சேஸி எல்லாவற்றையும் தின்றுவிடும். பெட்டியின் அடியிலிருந்து குழாய் வைத்து அத்தண்ணீரை ஒரு கலனில் சேருங்கள். தினமும் நல்ல தண்ணீரால் வண்டியைக் கழுவுங்கள். ரோட்மாஸ்டரின் செயினை முழுதாக மூடும் கவசத்தைக் கழற்றி எறிய வேண்டாம். அது இந்தத் தொழிலுக்கென்றே செய்தது போன்றது.

இனிக் கணக்குக்கு வருவோம். எமது வெப்பத்தில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது பொதுவான அளவு. உதாரணமாக, 60 கிலோ ஏற்றினால் பெட்டி 10, ஐஸ் 25, மீன் 25. பெற்றோலும் டயரும் 60 கிலோவுக்குத் தேய்கின்றன, வருமானமோ 25 கிலோவுக்கே. தடித்த ரெஜிபோம் பெட்டி போட்டால் ஐஸ் உருகுவது குறையும். ஐஸ் குறைந்தால் அந்த இடத்தில் மீன் ஏறும். ஆகவே முதலில் நல்ல பெட்டி, பிறகுதான் பெயின்ற்.

கடைசியாக, பதிவுப் புத்தகத்தில் உள்ள விபரத்துக்கு மாறாக எதையும் மாற்றுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரியுங்கள். வியாபாரத்துக்கு ஓடுவதைக் காப்புறுதிக் கம்பனிக்கும் எழுத்தில் அறிவியுங்கள். விபத்து நடந்த பின் சொல்லும் விளக்கத்துக்குப் பெறுமதி இல்லை.

மாற்றும் செலவையும், மாதாந்தத் திருத்தச் செலவையும் ஒரு கொப்பியில் எழுதி லீசிங் தவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய வண்டி இலவசமல்ல. ஆனால் மீன் படாத மாதத்திலும் தவணை கேட்டு அது வாசலுக்கு வராது.