உயரமான பிள்ளைக்கு ஏற்ற ஸ்னோஸ்கூட்டர் ஹான்டில்

ஊரில் ஸ்கூட்டர் என்றால் இரண்டு சில்லு வண்டி. நோர்வேயில் அதே சொல் பனிமேல் ஓடும் ஸ்னோஸ்கூட்டரையும் குறிக்கிறது. எங்களில் பலருக்கு முதல் வேலை பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில்தான் கிடைத்தது. அங்கே அது அன்றாட வாகனம். ஒஸ்லோவில் நிலைமை வேறு. 1977ஆம் ஆண்டுச் சட்டம் காடு, மலை, நீர்நிலைகளில் பொழுதுபோக்குக்காக மோட்டார் வாகனம் ஓட்டுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. 2015இல் வந்த மாற்றத்தின் பின், விரும்பிய நகராட்சிகள் இதற்கெனத் தனிப் பாதைகளைத் திறக்கலாம். ஆகவே எமது பிள்ளைகள் விடுமுறையில் அப்பாதைகளைத் தேடிப் போகிறார்கள். எஸ் வகுப்பு அனுமதிப்பத்திரத்தை 16 வயதில் பெறலாம். தலைக்கவசம் கட்டாயம்.

இங்கே வளர்ந்த பிள்ளைகள் பலர் பெற்றாரை விட ஒரு தலை உயரம். மேடுபள்ளத்தில் எழுந்து நின்று ஓட்டும்போது ஹான்டில் தாழ்வாக இருந்தால் முதுகு வளையும், பாரம் கைகளில் விழும். ஒரு மணித்தியாலத்தில் இடுப்பு நோகும், வளைவில் பிடியும் தளரும்.

அளவு பார்ப்பது எளிது. எஞ்சினை நிறுத்தி, கால்பலகையில் முழங்காலைச் சற்று மடித்து நிற்க வேண்டும். முதுகு வளையாமல், முழங்கை சிறிது மடிந்தபடி கை பிடியை எட்டினால் அதுவே சரியான உயரம். அதற்கு மேல் உயர்த்தினால் உட்கார்ந்து ஓட்டும்போது தோள் களைக்கும், திருப்புவதும் சிரமமாகும்.

முதலில் செலவில்லாத வழி. ஹான்டிலை இறுக்கியிருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, அதைச் சற்று முன்னோக்கிச் சுழற்றலாம். பிரேக் பிடியின் கோணமும் மாறும் என்பதால் அதையும் சரிசெய்ய வேண்டும். போதாவிட்டால், ஹான்டிலுக்கும் அதன் தண்டுக்கும் இடையில் ரைசர் எனும் உயர்த்தும் கட்டையைப் பூட்டலாம். அது அந்த மாதிரி வண்டிக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும். போல்ட்டுகளை மாறிமாறி, கைநூலில் சொல்லப்பட்ட அளவுக்கு இறுக்க வேண்டும்.

ஆபத்து இங்கேதான். ஹான்டில் உயரும்போது அக்சிலேற்றர் கேபிள், பிரேக் குழாய், சூடாக்கும் பிடியின் வயர், எஞ்சின் நிறுத்தும் சுவிட்சின் வயர் எல்லாமே இழுபடும். நேராக ஓடும்போது ஒன்றும் தெரியாது. முழுதாகத் திருப்பும்போது கேபிள் இழுபட்டால் விரல் படாமலே எஞ்சின் வேகமெடுக்கும். வளைவில், மரத்துக்குப் பக்கத்தில், அது உயிராபத்து.

ஆகவே எஞ்சின் நின்றிருக்கும்போதே ஹான்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும். இரு கோடியிலும் அக்சிலேற்றரை அழுத்தி விட்டால் அது உடனே திரும்பி வர வேண்டும். பிரேக் குழாய் விறைக்கவோ மடியவோ கூடாது. பிறகு, முன்னால் ஆளில்லாத வெளியில், கை பிரேக்கில் இருக்க, எஞ்சினை இயக்கித் திருப்பிப் பார்க்கலாம். சத்தம் கூடினால் உடனே நிறுத்தி, நீளமான கேபிள் போட வேண்டும். பிரேக் குழாய் மாற்றும் வேலையைப் பட்டறையில் கொடுப்பதே நல்லது. முதல் ஓட்டத்தின் பின் போல்ட்டுகளை மீண்டும் பார்க்க வேண்டும்.

வாடகை வண்டியில் நாமாகக் கைவைக்காமல், உயரத்தைச் சொல்லி அவர்களையே மாற்றித் தரக் கேட்கலாம். அண்ணனுக்கு உயர்த்திய வண்டியைத் தங்கை ஓட்டப் போனால், அவளையும் கால்பலகையில் நிறுத்தி அளவு பார்ப்போம்.