கசக்கினால் தைல வாசனை... நீலகிரியில் இந்தச் செடியைப் பார்த்திருக்கிறீர்களா?

ஊட்டிக்குப் போனால் யூகலிப்டஸ் தைலத்தோடு இன்னொரு குட்டிப் பாட்டிலும் வாங்கி வருவோமே... லேபிளில் ‘விண்டர்கிரீன் ஆயில்’ என்று இருக்கும். முட்டிவலிக்குத் தேய்ப்பது. அந்த எண்ணெய் தரும் செடி நீலகிரியின் உயரமான பகுதிகளில் பாதையோரமாகவே நிற்கிறது. நாம்தான் கவனிப்பதில்லை!

தாவரவியல் பெயர் கோல்தீரியா ஃபிராக்ரன்டிசிமா. மலையில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசும், கடையில் விற்கும் புளூபெர்ரியும் இதற்குச் சொந்தக்காரர்கள். எல்லாம் எரிகேசி குடும்பம். காற்று வீசும் புல்வெளியில் குட்டைப் புதராக இருக்கும். சோலைக்காட்டு ஓரத்தில் ஆள் உயரத்துக்கும் வளரும். வருடம் முழுக்கப் பச்சைதான்.

எப்படி அடையாளம் காண்பது? இலை தடிப்பாக, தோல் போல இருக்கும். ஓரத்தில் சின்னச் சின்னப் பற்கள். திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கம் புள்ளி புள்ளியாகத் தெரியும். இளங்கிளைகளில் சிவப்பு ஓடியிருக்கும். வெள்ளைப் பூக்கள் கவிழ்த்து வைத்த குட்டிக் குடம் மாதிரி வரிசையாகத் தொங்கும்.

குழப்பம் வருவது இங்கேதான். இதே குடும்பத்து வாக்சினியம் லெஷனால்டி மரத்துக்கும் குடம் போன்ற பூக்கள்தான். அப்போது மூக்கை நம்பலாம். பறிக்க வேண்டாம், காட்டில் அது தவறு. செடியில் இருக்கும்போதே ஓர் இலையைக் கசக்கி விரலை முகர்ந்தால் போதும். வலி நிவாரண பாம் வாசனை குப்பென்று வரும். வாக்சினியத்தில் அது கிடையாது.

பழம் கருநீலம். பார்த்தால் புளூபெர்ரி என்றே தோன்றும். உண்மையில் சதைப்பற்றாகத் தெரிவது பூவின் புல்லிவட்டம். உள்ளே இருப்பது உலர்ந்த காய். குழந்தைகள் கையை நீட்டுவார்கள், விடாதீர்கள்.

அதைவிடக் கவனம் தேவைப்படுவது வீட்டுக்கு வந்துவிட்ட அந்தப் பாட்டிலுக்கு. அதில் இருப்பது பெரும்பாலும் மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் உறவு. ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி எண்ணெய், சுமார் 20 ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம். குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வாந்தி எடுக்க வைத்து நேரத்தைக் கடத்தாமல், பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தேய்க்கக் கூடாது.